கான்கிரீட்டுக்கும் வயதாகும்

2016 ஜூலையில் நான்கு நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியற்காலை, எங்கள் படுக்கையறைக் கூரையிலிருந்து சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. விழுந்த இடம் என் பேத்தி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் மேசை. மணி ஐந்தரைதான் என்பதால் குழந்தை அடுத்த அறையில் பாட்டியோடு தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு ஓடிப்போய் நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் மூன்று கம்பிகள் விலா எலும்புபோல வெளியே தெரிந்தன. விரலால் தொட்டால் துரு செதில் செதிலாகக் கையோடு வந்தது.

செம்பூரில் இருக்கும் எங்கள் கட்டடம் 1983-ல் எழும்பியது. தரைத்தளத்தோடு சேர்த்து நான்கு தளம், பதினாறு குடும்பம். நான் அப்போது சொசைட்டியின் பொருளாளர். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் விரிசலை அடைத்து, பூசி, சுண்ணாம்படித்த ரசீதுகள் என் கையெழுத்தோடு கோப்பில் இருக்கின்றன. பூசி மெழுகுவது என்று நம் ஊரில் சொல்வார்களே, அதை முறையாகக் கணக்கு எழுதிச் செய்துவந்தோம். மூன்றாவது மாடிக் குளியலறைத் தண்ணீர் இரண்டாவது மாடிக் கூரையில் இறங்குகிறது என்ற ஒரே புகாரை ஒன்பது பொதுக்குழுக் கூட்டங்களில் பேசியிருக்கிறோம். யார் செலவு என்ற கேள்வி எழும்போதெல்லாம் தேநீர் வந்துவிடும், பேச்சு மாறிவிடும்.

உண்மையில், கான்கிரீட் கெடும் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. ஓட்டு வீட்டில் பிறந்து, ஒழுகலுக்குப் பாத்திரம் வைத்து வளர்ந்தவர்கள் நாம். தளம் போட்ட வீடு என்றால் கல்வீடு, பேரன் காலத்துக்கும் நிற்கும் என்பது நம் நம்பிக்கை. மும்பையில் கடன் வாங்கி ஃபிளாட் வாங்கியதும், ஊரில் அப்பாவின் ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்டதும் அந்த நம்பிக்கையில்தான்.

மாநகராட்சிச் சட்டத்தின் 353பி பிரிவுப்படி முப்பது வயது தாண்டிய கட்டடத்தைப் பதிவுபெற்ற பொறியாளரிடம் காட்டிச் சான்று வாங்கவேண்டும். எங்களுக்கு அப்போது முப்பத்துமூன்று. பாளம் விழுந்த பிறகுதான் பொறியாளரைக் கூப்பிட்டோம். சுத்தியலும் ஒரு சிறு பாட்டிலுமாக ஒரு மராத்திக்காரர் வந்தார். சுவரையும் தூணையும் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடம் கணீரென்றது. கெட்ட இடம் உளுத்த மரம்போல பொத்தென்றது. பிறகு பீமில் கொஞ்சம் உடைத்து, உடைந்த முகத்தில் பாட்டிலிலிருந்த மருந்தைத் தெளித்தார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் நாம் பார்த்த பினால்ஃப்தலீன்தான். காரம் இருந்தால் ரோஜா நிறம் வரும், இல்லாவிட்டால் நிறமே வராது. மேலிருந்து ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் வரை நிறமே வரவில்லை. கம்பியோ பீமில் 18-ல் இருந்தது. என் வீட்டுக் கூரையில் 8-ல் இருந்தது.

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். புது கான்கிரீட் கடுமையான காரம். அந்தக் காரத்துக்குள் புதைந்திருக்கும் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. அது இருக்கும் வரை துரு ஏறாது. ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகள் வழியாக மெல்ல உள்ளே போய், காரத்தைத் தின்றுகொண்டே முன்னேறுகிறது. அது கம்பியை எட்டிவிட்டால் படலம் போய்விடும். அதன்பின் தண்ணீரும் காற்றும் கிடைத்தால் போதும். துருவானது தான் தின்ற இரும்பைப்போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடம் ஏது? மேலிருக்கும் கான்கிரீட்டை வெடிக்கவைத்துத் தள்ளிவிடுகிறது. நாங்கள் வெளியே பூசிய பூச்செல்லாம் இந்த வெடிப்பின் மேல் போட்ட போர்வை.

இதில் ஒரு கணக்கு உண்டு. கணக்கு எழுதியவன் என்பதால் எனக்கு அது மனதில் தைத்தது. கரியமில வாயு உள்ளே போகும் ஆழம், காலத்தின் வர்க்கமூலத்தையொட்டி வளர்கிறது. அதாவது 10 மில்லிமீட்டர் போக ஒன்பது வருஷம் பிடிக்கும் கான்கிரீட்டில், 20 மில்லிமீட்டர் போக முப்பத்தாறு வருஷம் பிடிக்கும். கம்பிக்கு மேல் ஒரு விரல் கனம் கூட இருந்திருந்தால் ஒரு தலைமுறை கிடைத்திருக்கும். அந்தக் காலத்து ஐ.எஸ். 456 விதி (1978 பதிப்பு) தளத்துக்குக் குறைந்தது 15 மில்லிமீட்டர் கேட்டது. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கடும் மழையில் மாறி மாறி நனைந்து காயும் இடத்துக்கு 45 கேட்கிறது. எங்களுக்கு வாய்த்தது 8. கம்பிக்கு அடியில் வைக்கவேண்டிய கவர் பிளாக் என்ற சின்னக் கட்டிக்குப் பதில் ஜல்லித் துண்டைச் செருகியிருப்பார்கள். ஆட்கள் மேலே நடந்ததில் அதுவும் நழுவியிருக்கும்.

போதாததற்கு உப்பு. ஒரு கன மீட்டர் கம்பி கான்கிரீட்டில் குளோரைடு 0.6 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது விதி. எங்கள் தரைத்தளத் தூண்களில் தாண்டியிருந்தது. கழிமுகத்து மணலைக் கழுவாமல் போட்டிருக்கலாம் என்றார் பொறியாளர். உப்பு வந்துவிட்டால் காரம் மிச்சமிருந்தாலும் கம்பியைக் குழி குழியாக அரித்துவிடும். கோவாவில் 1970-ல் திறந்த மாண்டவி பாலம் பதினாறே வருஷத்தில், 1986 ஜூலை 5-ஆம் தேதி, ஆற்றுக்குள் சரிந்தது இழுவிசைக் கம்பிகளின் அரிப்பால்தான். வாஷியில் குடியிருக்கும் நம் அன்பர்கள் கடக்கும் கழிமுகத்தில் 1973-ல் திறந்த பழைய பாலத்துக்கும் இதே நோய். அதனால்தான் பக்கத்திலேயே 1997-ல் இன்னொரு பாலம் வந்தது. கம்பியே இல்லாத ரோம் நகரத்துப் பாந்தியன் கோவிலின் 43 மீட்டர் கான்கிரீட் குவிமாடம் பத்தொன்பது நூற்றாண்டாக நிற்கிறது. நாம் கம்பி போட்டதால் மெல்லிய தளத்தையும் நீண்ட பீமையும் பெற்றோம். துருவையும் கூடவே அழைத்துக்கொண்டோம்.

பொறியாளர் பேசப் பேச எனக்கு வேறொரு தளம் ஞாபகம் வந்தது. 1987 மே மாதம், அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு முன்னறைத் தளம் போட்ட நாள். பாதி தளம் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கொத்தனார் சொன்னார், “தம்பி, இருட்டிட்டு வருது. தண்ணி கொஞ்சம் தாராளமா விட்டா கலவை தன்னால ஓடும்.” “விடுங்க அண்ணாச்சி” என்று சொன்னவன் நான்தான். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் விடக்கூடாது என்பது எனக்குத் தெரியாது. சிமென்டு இறுகுவதற்கு அந்தத் தண்ணீரே தாராளம். மிச்சமெல்லாம் ஆவியாகிப் போகும்போது நுண்துளைகளை விட்டுவிட்டுப் போகும். அந்தத் துளைகள்தான் பிற்பாடு வாயுவுக்கும் மழைக்கும் வாசல். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும் குறைந்தது ஏழு நாள், வெயில் காலமென்றால் பத்து நாள் வேண்டும். எனக்கு லீவு முடிந்து மூன்றாம் நாளே ரயிலேறிவிட்டேன். அப்பாவும் தம்பியும் அதற்குப் பிறகு எத்தனை நாள் ஊற்றினார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

செம்பூர்க் கதைக்கு வருகிறேன். பழுதுபார்க்க வீட்டுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஆகும் என்று மதிப்பீடு வந்த அதே மாதம், ஒரு பில்டரும் வந்தார். இடித்துவிட்டுப் பதினான்கு மாடி கட்டுகிறேன், எல்லோருக்கும் கூடுதல் சதுர அடி, மூன்று வருஷ வாடகையும் என்றார். கூட்டத்தில் பாதிப் பேரின் முகம் மலர்ந்ததைக் குறை சொல்லமாட்டேன். எனக்கே ஒரு அறை கூடக் கிடைப்பதில் ஆசைதான். ஆனால் அந்த வாரம்தான் சிமென்டைப் பற்றிப் படிக்க ஆரம்பித்திருந்தேன்.

நம் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல், டைனோசர் காலத்தில் அங்கே கடல் இருந்தபோது வாழ்ந்த உயிர்களின் ஓடும் சிப்பியும் படிந்து இறுகியது. 1904-ல் சென்னையில் சிமென்டு செய்து பார்த்த முதல் முயற்சியும் கடற்சிப்பியை வைத்துத்தான். அந்தக் கல்லைச் சுமார் 1,450 டிகிரி உலையில் சுட்டால் 100 கிலோவுக்கு 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். இது எரிக்கும் நிலக்கரிப் புகை சேராத கணக்கு. நிலக்கரியை மாற்றலாம், கல்லுக்குள் இருக்கும் வாயுவை என்ன செய்வது? உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழு எட்டு பங்கு சிமென்டினால் வருகிறது என்பதற்கு இதுவே முக்கியக் காரணம். சிமென்டு உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்தது நாம்.

ஒரு விசித்திரத்தைச் சொல்லவேண்டும். எங்கள் கம்பியைத் துருவேற்றிய அந்த வாயு, உலையில் பறந்துபோனதில் ஒரு பங்கு திரும்பி வந்ததுதான். கான்கிரீட் வயதாக ஆகத் தான் விட்ட வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப உறிஞ்சுகிறது. பூமிக்கு நல்லது, கம்பிக்குக் கெட்டது.

மணல் விஷயம் நெல்லைக்காரனான எனக்கு இன்னும் நெருக்கம். உலகம் வருஷத்துக்குச் சுமார் 5,000 கோடி டன் மணலும் சரளையும் அள்ளுகிறது என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு சொல்கிறது. பாலைவன மணல் காற்றில் உருண்டு வழவழப்பாகிவிடுவதால் கலவைக்கு அவ்வளவாக உதவாது; ஆற்றுமணல்தான் பிடிக்கும். நான் நீச்சல் கற்ற தாமிரபரணியில் மணல் இருந்த இடமெல்லாம் சேறும் முள்ளுமாய்ப் போனதைப் பார்த்திருக்கிறேன். தோழர் நல்லகண்ணு தாமே வாதாடி 2010-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் அந்த ஆற்று மணலுக்குத் தடை வாங்கினார். இப்போது ஊரில் எம்-சாண்ட் போடுகிறார்கள். அது ஆற்றுக்கு ஆறுதல். உடைபடும் மலைக்கு இல்லை.

மாற்று வழிகள் வராமலில்லை. மின்நிலையச் சாம்பலை 35 சதவிகிதம் வரை கலந்த பி.பி.சி. சிமென்டு எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. வீட்டுக்கு அது நல்லதுதான், ஆனால் தண்ணீர் இன்னும் சில நாள் கூடுதலாக ஊற்றவேண்டும். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்துச் சுட்ட கிளிங்கரைப் பாதியளவுக்குக் குறைக்கும் எல்.சி.3 என்ற சிமென்டில் சென்னை ஐ.ஐ.டி.யும் டில்லி ஐ.ஐ.டி.யும் உழைத்திருக்கின்றன. 2023-ல் அதற்கு இந்தியத் தர நிர்ணயமும் வந்துவிட்டது. ஆனால் கட்டி நிற்பதை இன்னும் முப்பது வருஷம் நிற்கவைத்தால், அந்த முப்பது வருஷத்துக்கு உலையே வேண்டாம். கூட்டத்தில் நான் சொன்னது இவ்வளவுதான். அரியலூர்ச் சிப்பிக் கதை யாரையும் அசைத்ததாகத் தெரியவில்லை. மூன்று வருஷம் வெளியே குடியிருக்கப் பயந்த வயதானவர்கள்தான் ஒன்பதுக்கு ஏழு என்று முடிவைத் திருப்பினார்கள்.

2017 மழைக்கு முன் வேலை முடிந்தது. பொத்தென்ற இடத்தையெல்லாம் கம்பிக்குப் பின்புறம் வரை செதுக்கி, துருவைச் சுரண்டி, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த சாந்தால் மூடினார்கள். அதற்கும் முன்னால் செய்த வேலை, அந்த மூன்றாவது மாடிக் குளியலறைக் குழாயை மாற்றியது. செலவு நாலாயிரத்துச் சொச்சம்.

அடுத்த தைக்கு ஊருக்குப் போனபோது பாட்டிலையும் சுத்தியலையும் பெட்டியில் எடுத்துப் போனேன். முன்னறைக் கூரையில் ஒரு மூலையைத் தம்பி தட்டிக் காட்டினான். பொத்தென்றது. உடைத்துத் தெளித்தோம்; 40 மில்லிமீட்டர் போயும் ரோஜா நிறம் வரவில்லை. ஆனால் மழை இறங்காத மறுபக்கத்தில், காரம் போன பிறகும், கம்பி லேசான பழுப்போடு அப்படியே இருந்தது. ஈரம் எட்டாததால் பிழைத்திருக்கிறது. மொட்டைமாடியில் வாட்டம் சரிசெய்து தட்டோடு பதிக்கச் சொல்லிப் பணம் கொடுத்து வந்தேன். ஈரம் இறங்கிய மூலைக்கு அடியில் இரண்டு இரும்பு முட்டு கொடுத்திருக்கிறது. அப்பாவின் சாய்வு நாற்காலி இப்போது தாழ்வாரத்தில் கிடக்கிறது. முன்னறையில் யாரும் படுப்பதில்லை.