தோய்கல்லும் சலவைப் பொறியும்

திருகோணமலைத் துறைமுகத்தைக் காண வருவோருக்கு நம்மூரார் விரல் நீட்டிக் காட்டும் பொருள்களிற் பெரும்பாலானவை போரோடு தொடர்புடையவை. கடற்படைத் தளத்தினுள்ளே, குன்றின்மேல் நிற்கும் ஹூட்ஸ் கோபுர அருங்காட்சியகத்தில் பீரங்கிகள் உள. சீனன்குடாப் பக்கம் திரும்பினால், பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் காட்டினுள்ளே வரிசை வரிசையாய் நிற்கின்றன; எண்ணிக்கை கிட்டத்தட்ட நூறு. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது தீப்பற்றிய ‘சகாயிங்’ என்னும் பயணிகள் கப்பல் இத்துறைமுகத்தின் நீரடியில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்தது. இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் மாதக்கணக்கில் உழைத்து, 2018இல் அதை மீண்டும் மிதக்கச் செய்தார்கள். பழைய இரும்பை நீருக்குள்ளிருந்து மேலே கொண்டுவரும் வித்தை இவ்வூருக்குப் புதிதன்று.

ஆனால் என் மனத்தில் நெடுநாளாக ஒரு கேள்வி கிடந்து உறுத்துகிறது. பீரங்கியை இயக்கியவன் சட்டை அணிந்திருந்தான் அல்லவா? அதை யார் தோய்த்தார்கள்? எதைக்கொண்டு தோய்த்தார்கள்? 1957இல் தளத்தை நம்மிடம் ஒப்படைத்துவிட்டுப் போன அந்தக் கடற்படையினர் துணி வெளுப்பதைக் குறிக்கத் தம் பேச்சில் வழங்கிய சொல் ‘டோபி’ என்பதே. இந்தியக் கரையில் எடுத்துக்கொண்ட சொல் அது. சவர்க்காரத் தூளுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘டோபித் தூசு’. கீழைக் கடல்களிற் சென்ற பல பிரித்தானியக் கப்பல்களில் ஹொங்கொங்கிலிருந்து வந்த சீனத் தொழிலாளர் சலவை செய்தனர். 1982இல் போக்லாந்துப் போரில் மூழ்கிய கப்பல்களோடு அவர்களுட் சிலரும் மாண்டனர். போரின் வரலாற்றிலே சலவைக்காரனுக்கு ஓர் அடிக்குறிப்பு கிடைப்பதற்கு அவன் சாகவேண்டியிருக்கிறது.

சலவைப் பொறியைச் சேகரித்துப் பேணுவதாவது என்று வாசகர் நகைக்கலாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஈற்றன் என்னும் சிற்றூரில் லீ மக்ஸ்வெல் என்ற ஓய்வுபெற்ற மின்பொறியியற் பேராசிரியர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய சலவைப் பொறிகளைத் திரட்டினார். பலவற்றைத் தம் கையாலேயே பழுது நீக்கி ஓடவைத்தார். அவற்றின் வரலாற்றை நூலாகவும் எழுதினார். ஆயிரம் பொறிகளா என்று மலைக்கும் நாம், ஆயிரம் தபால் முத்திரை சேர்த்தவனைக் கண்டு மலைப்பதில்லை. முத்திரை பெட்டியில் அடங்கும். பொறிக்கு மண்டபம் வேண்டும். வேறுபாடு அவ்வளவே.

தமிழ் படித்தவர்க்கு இப்பொருள் முற்றிலும் அந்நியமுமன்று. குறுந்தொகையின் 330ஆம் பாட்டை எண்ணிப் பாருங்கள். பகன்றைச் செடியின் அரும்புக்கு உவமை தேடிய புலவர் கண்ணிற் பட்டது, சலவைப் பெண்ணொருத்தி கஞ்சியிட்டு, அடித்து, குளத்து நீரில் விட்ட துணி. முறுக்கு இன்னும் பிரியாமல் நீரிற் கிடக்கும் அத்துணியின் வடிவத்தை அவர் பூவிலே கண்டார். பிரிவாற்றாத் தலைவியின் பாட்டுக்குள் ஓர் உழைப்பாளியின் கைமுறுக்கு இரண்டாயிரம் ஆண்டாக அவிழாமல் இருக்கிறது. அடித்தல், அலசுதல், முறுக்கிப் பிழிதல் என்னும் இம்மூன்று செயலையும் இரும்பையும் மரத்தையும் கொண்டு எப்படிச் செய்விப்பது என்பதே சலவைப் பொறியின் வரலாறு முழுவதும்.

ஜேர்மனியில் றேகென்ஸ்பேர்க் நகரத்துச் சமயகுரு ஷேபர் 1767இல் இத்தகைய பொறியொன்றைப் பற்றி எழுதி வெளியிட்டார். அமெரிக்காவில் 1797இல் முதற் காப்புரிமை வழங்கப்பட்டது. பிற்காலத்து மரத்தொட்டிப் பொறிகளில் மூடியிலிருந்து தொங்கும் முளைக்கட்டை துணியைப் பற்றி இப்படியும் அப்படியும் இழுக்கும். துணி கிழியாதிருந்தால் அது வீட்டுக்காரியின் நல்வினை. என் உள்ளத்தைக் கவர்ந்தது ‘மீலே’ நிறுவனத்தின் கதை. 1899இல் பாலாடை பிரிக்கும் பொறி செய்யத் தொடங்கிய அந்நிறுவனம் அடுத்து வெண்ணெய் கடையும் பொறி செய்தது. கடைகின்ற தொட்டியில் தயிருக்குப் பதில் துணியைப் போட்டால் என்ன என்ற எண்ணத்தின் விளைவாக 1901இல் அதன் முதற் சலவைப் பொறி பிறந்தது. மத்துத்தான் மூதாதை! இந்த உறவை எவரும் சொல்லாமலே பஞ்சாபியர் கண்டுகொண்டார்கள் போலும். அங்கே சாலையோர உணவகங்கள் சில சலவைப் பொறியில் தயிரை ஊற்றி லஸ்ஸி கடைவது ஊரறிந்த செய்தி. பேரன் பாட்டன் தொழிலுக்குத் திரும்பிவிட்டான்.

1922இல் மேய்டாக் நிறுவனத்தின் ஹவார்ட் ஸ்னைடர் என்பார் ஒரு மாற்றஞ் செய்தார். மூடியில் தொங்கிய கலக்கியைத் தொட்டியின் அடியிலே பொருத்தினார். அதுவரை துணி நீருக்குள் இழுபட்டது. இனி நீர் துணிக்குள் பாய்ந்தது. சொல்லுக்குச் சிறிதான இம்மாற்றம் தொழிலையே புரட்டிற்று. வார்ப்பு அலுமினியத் தொட்டியும், மேலே துணி பிழியும் இரு றப்பர் உருளைகளும் கொண்ட அந்த வகைப் பொறியை அந்நிறுவனம் 1983 வரை செய்துவந்தது. மின்சாரம் எட்டாத பண்ணை வீடுகளுக்கென்று, காலால் மிதித்து உயிரூட்டும் சிறு பெற்றோல் எஞ்சினையும் அது பூட்டிக் கொடுத்தது. சேகரிப்போர் இன்றும் அந்த எஞ்சினைப் பொன்போல் மதிப்பர். 1937இல் பெண்டிக்ஸ் பொறி தோய்த்து, அலசி, நீரை உதறும் வேலை முழுவதையும் தானே செய்தது. 1948இல் வேல்ஸ் நாட்டு மேர்தர் ரிட்வில் நகரில் ஹூவர் தொழிற்சாலை திறந்தது. சிறிய சமையலறைக்கும் அடங்கும் பொறிகள் அங்கிருந்து பிரித்தானிய வீடுகளுக்குப் பரவின.

இத்தகைய பொறி ஒன்று திருகோணமலையில் ஒருவர் கையில் அகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் என் செய்யவேண்டும்?

முதலில் ஒன்றுஞ் செய்யாதிருக்கவேண்டும். செருகியை மின்துளையிற் செருகி, ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசையே பழம்பொறிகளின் முதல் எமன். அக்காலத்துக் கம்பிகளின் உறை பருத்தியும் றப்பரும், வெடித்து உதிர்ந்திருக்கும். உடற்பகுதிக்கு நிலத்தொடுப்பும் இருக்காது. ஈரமும் மின்சாரமும் ஓரிடத்திற் கூடும் பொறியில் இதைக் கவனியாதவன் அடுத்த வாரம் கவனிக்க இருக்கமாட்டான். ஆகவே பழைய கம்பியைக் கழற்றிப் புதிதிட்டு, நிலத்தொடுப்பும் கொடுத்த பின்னரே மற்றெல்லாம்.

அடுத்து உப்பு. நம் கடற்காற்று இரும்பை உண்ணும் வேகத்தை ஒவ்வொரு யன்னற் கம்பியும் சொல்லும். வெள்ளைக் கனிமப் பூச்சிட்ட தொட்டியில் ஒரு மணியளவு சிதறினாலும் அவ்வழியே புகுந்த துரு உள்ளே பரவி நிற்கும். நன்னீரால் உப்பைக் கழுவிய பின், இரும்புறுப்புகளைச் சலவைச் சோடா கரைத்த நீரிலிட்டு, பற்றரி ஏற்றியின் எதிர்முனையை உறுப்பிலும் நேர்முனையைக் கழிவிரும்பொன்றிலும் பிணைத்து வைத்தால் துரு இளகிக் கழன்றுவிடும். எரியும் வாயு எழுமாதலால் இதனைத் திறந்த வெளியிற் செய்யவேண்டும். துணியின் அழுக்கை நீக்கிய சோடாவே பொறியின் அழுக்கையும் நீக்குவது ஒரு நயம். ஆனால் அலுமினியத் தொட்டியைத் தவறியும் அந்நீரிற் போடலாகாது. சோடா அதனை அரித்துவிடும். பழைய வண்ணப் பூச்சில் ஈயம் இருக்கக்கூடுமாதலால் உலரத் தேய்த்துத் தூசெழுப்புவதுங் கூடாது.

மரத்தொட்டியாயின் நம் மீனவர் சொல்லும் வைத்தியமே போதும். நெடுநாள் கரையிற் கிடந்த வள்ளம் பலகை சுருங்கி நீர் கசியும். நீரிலே நாட்கணக்கில் ஊறவிட்டால் தானே பொருத்தங்கொள்ளும். கசிவைக் கண்டவுடன் தாரும் பசையும் பூசுகிறவன் பொறுமையில்லாதவன்.

அமெரிக்கப் பொறியாயின் இன்னொரு சிக்கலுண்டு. நம் மின்சாரம் 230 வோல்ற்று. அவர்களுடையது அதில் ஏறத்தாழப் பாதி. மாற்றி ஒன்றை இடையிலே வைத்தால் அது தீரும் என்று பலரும் எண்ணி ஏமாறுவர். அவர்கள் மின்னோட்டம் வினாடிக்கு 60 சுற்று, நம்முடையது 50. வோல்ற்றை மாற்றி மாற்றும், சுற்றை மாற்றாது. நிமிடத்துக்கு 1,725 முறை சுழலவேண்டிய மோட்டார் இங்கே 1,440 அளவிலேயே சுழலும். 115 வோல்ற்றையே கொடுத்தால் சூடேறும்; 96 அளவுக்குக் குறைத்தால் தாங்கும். மோட்டாரின் கப்பியை ஐந்துக்கு ஆறு என்ற அளவிற் பெருப்பித்தால் கலக்கி தன் பழைய வேகத்தைப் பெறும். பிரித்தானியப் பொறிக்கு இத்தொல்லை இல்லை. ஆண்ட இனத்தின் மின்சாரத்தையே நாமும் வரித்துக்கொண்டதன் பயன்களில் இதுவும் ஒன்று.

பிழியும் உருளைகள் கல்லாய் இறுகியிருக்கும். புதிய உருளை விலைக்கில்லை. ஆனால் றப்பர் விளையும் நாட்டில், இரும்புத் தண்டின்மேல் றப்பரை மீண்டும் வார்த்துக்கொடுக்கும் பட்டறை தேடுவது இயலாத காரியமன்று. அவ்வுருளைகள் விரல்களைப் பறித்த கதைகள் பல. மேற்சட்டத்தின் விடுவிப்புப் பிடி வேலை செய்கிறதா என்று பாராமல் பிள்ளைகளை அருகில் விடலாகாது.

பூச்சைப் புதுப்பிக்கலாமா என்பது பற்றிச் சேகரிப்போரிடையே ஓயாத வாதமுண்டு. சிலர் கடையில் வைத்த நாளிற் போல மினுக்குவர். எனக்கு அது உவப்பில்லை. எவளோ ஒருத்தியின் வலக்கை பல்லாண்டு பற்றித் தேய்த்த பிடியை மினுக்கி அழிப்பானேன்?

பழுது பார்த்தே வாழ்ந்த மக்கள் நாம் என்பதையும் மறக்கலாகாது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுகிய காலத்தில் எதையும் எறியாதிருக்கப் பழகினோம். பின்னர் போர்க்கால வடக்கில் ஏ-40 ஒஸ்டின் கார்களும் மொறிஸ் மைனர்களும் உலகம் மறந்த பின்னும் ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையின்போது சவர்க்காரம் கிடையாமற் போக, பனம்பழத்தைப் பிசைந்து அதன் களியில் உடுப்புத் தோய்த்தனர். கொடியிற் காய்ந்த உடுப்பை, பழவாசத்தால் ஈர்க்கப்பட்டு மாடு சப்பிய கதையை அக்காலத்து மாணவர் இன்றுஞ் சிரித்துக்கொண்டு சொல்வர். சிரிப்பு இப்போது வருவது.

இனிச் சொல்லத் தயங்கும் பகுதி. பொறி வருமுன் தோய்த்தவர் யார்? யாழ்ப்பாணத்தில் அவரைக் ‘கட்டாடி’ என்றழைத்தனர். உவர்மண்ணும் வெள்ளாவியும் அவர் அறிந்த விஞ்ஞானம். சேங்கொட்டைச் சாற்றால் அவர் இட்ட சிறு குறியை எந்த வெள்ளாவியும் அழிக்காது. எழுதப்படாத பதிவேடாக ஊர் முழுவதன் உடுப்பும் அவர் நினைவில் இருந்தது. மணவீட்டிலும் பிணவீட்டிலும் வெள்ளை கட்டினார்; பூப்பெய்திய பெண்ணுக்கு மாற்றுத் துணி கொணர்ந்தார். இவையின்றி எந்தச் சடங்கும் நடவாது. இவற்றைச் செய்தவரோ வீட்டின் உள்ளே வர இயலாது. மறுக்கும் உரிமையில்லாத குடிமைத் தொழில் அது. பெரியபுராணத்திலே காஞ்சியின் திருக்குறிப்புத் தொண்டர், விடாமழையால் முதியவரின் கந்தை உலராமற் போகவே, துணி துவைக்கும் கல்லில் தம் தலையை மோதினார். இறைவன் கை எழுந்து தடுத்தது. பாராயணஞ் செய்து கண்ணீர் மல்கியவர்கள், தம் வீட்டுப் படலையில் மூட்டையோடு நின்றவரை எங்கே நிறுத்திவைத்தார்கள் என்று நான் கேட்பதுண்டு.

பொறி வந்தது, அவருடைய பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனார்கள். நல்லதே. ஆனால் அந்த மூட்டை யார் தலைக்கு மாறியது? சுவீடன் தேசத்து அறிஞர் ஹன்ஸ் றொஸ்லிங் 2010இல் ஆற்றிய உரையொன்றில், தம் வீட்டுக்கு முதற்பொறி வந்த நாளில் பாட்டி அதன்முன் அமர்ந்து முழுச் சுற்றையும் விழி விலக்காமற் பார்த்ததையும், மிஞ்சிய நேரத்தில் தாய் தம்மை நூல்நிலையத்துக்கு அழைத்துச் சென்றதையும் கூறினார். ஆனால் அமெரிக்க வரலாற்றாசிரியை றூத் சுவாட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில் வேறு கணக்குக் காட்டுகிறார். பொறி வந்த பின் சலவைக்காரி நின்றாள். வாரம் ஒருமுறை தோய்த்தது அடிக்கடியாயிற்று. ஒருநாள் உடுத்ததே அழுக்கென்றாயிற்று. எல்லாம் தாய் ஒருத்தியின் பொறுப்பாயிற்று. இருவர் கூற்றும் மெய்யென்றே எனக்குத் தோன்றுகிறது. என் தாயார் கிணற்றடியில் தோய்த்தபோது அயற் பெண்டிர் இருவர் உடனிருந்தனர். பேச்சும் சிரிப்புமாய் அவ்வேலை நடந்தது. பொறி வந்த பிறகு அவர் குசினி மூலையில் தனியே நின்றார். கைகள் வெடிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். முன்பு மாரியில் அவருடைய விரல்கள் வெடித்து இரத்தம் கசியும்.

ஹூட்ஸ் கோபுரத்துப் பீரங்கிகளின் பக்கத்தில், துணி பிழியும் உருளைப் பொறி ஒன்றையும் ஒரு வெள்ளாவிப் பானையையும் வைத்தால் குன்று சரிந்துவிடாது என்று நண்பர் ஒருவரிடம் சொன்னேன். பார்க்க யார் வருவார் என்று கேட்டார். எங்கள் வீட்டுத் தோய்கல் இன்னும் இருக்கிறது. நடுவிலே குழிந்துவிட்டது. பொறியின் கழிவுநீர்க் குழாயை அதன்மேல்தான் வைத்திருக்கிறோம்; நுரை வடியும்வரை அக்குழியில் நின்று பிறகு வாழையடிக்குப் போகிறது.