கட்டி முழுதும் வெந்ததா?

வருசநாட்டு மலைச்சரிவில் புதருக்குத் தீயிட்டாலும், தூர் பிழைத்தால் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். கல்லீரல் புற்றுக்கட்டியும் அப்படித்தான்.

ஊசி வழியே ரேடியோ அலை மின்சாரம் செலுத்திக் கட்டியைச் சுடுகிறார்கள். 60 பாகை செல்சியஸில் செல்கள் உடனே மடியும். ஆனால் 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இரத்தக்குழாய் அருகில் ஓடினால், பாயும் இரத்தம் சூட்டை வாரிக்கொண்டு போய்விடும், அவ்விடம் அரைவேக்காடுதான்!

இதை எப்படி அறிவது? சுமார் ஒரு மாதம் கழித்து, சிரையில் அயோடின் மருந்து ஏற்றி சி.டி. படம் எடுப்பர். வெந்து செத்த பகுதியில் இரத்தம் ஏறாது, கருமையாகத் தெரியும். ஓரத்தில் முண்டுபோல் வெண்மை பளிச்சிட்டால் கட்டி மிச்சமிருக்கலாம். மெல்லிய, சீரான வளையமோ பெரும்பாலும் புண் ஆறும் அழற்சியே. சுற்றிலும் 5 முதல் 10 மில்லிமீட்டர் நல்ல திசுவும் வெந்திருக்க வேண்டும். ஊசி ஒருபுறம் ஒதுங்கியிருந்தால், முன்னெடுத்த படத்தோடு ஒப்பிட்டாலன்றி அது புலப்படாது.