மரக்கால் யார் கையில்?

பணம் வருவதற்கு முன்னாடி எல்லாரும் பண்டமாற்றுதான் செய்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்போம். 1776-இல் ஆடம் ஸ்மித் பிரபலமாக்கிய கதை அது. ஆனால் பண்டமாற்றை மட்டுமே நம்பி நடந்த பொருளாதாரம் ஒன்றுகூட எங்கும் பதிவாகவில்லை என்று 1985-இல் மானிடவியலாளர் கரோலின் ஹம்ஃப்ரி எழுதினார்.

அப்போ ஊருக்குள்ளே எப்படி நடந்தது? பெரும்பாலும் கடனாகத்தான். எங்க ஊரில் முடி வெட்டுபவருக்கும் துணி வெளுப்பவருக்கும் அன்றாடக் கூலி கிடையாது. வருஷம் பூரா வேலை. அறுவடைக் களத்தில்தான் நெல் அளப்பார்கள்.

உமணர்கள் உப்புக்கு நெல் வாங்கியதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. அது வேறு வகை. கடன் சொல்ல முடியாத வெளியூர்க்காரரிடம் கைக்குக் கை மாற்றுவது.

காசில்லாத அந்தக் காலத்தை இனிமையானது என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மரக்கால் யார் கையில் இருந்தது? விளைச்சல் குறைந்தால் அவர்கள் பங்கும் குறையும். வேறு தொழிலுக்குப் போகச் சாதி விடாது. "களத்துல நின்னுக்கிட்டு கம்மியா இருக்குன்னு சொல்ல முடியுமா தம்பி?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்.

ரூபாய்க் கூலி வந்த பிறகுதான், "இவ்வளவு கொடுங்க" என்று அவரால் வாய் திறந்து கேட்க முடிந்தது.