ஊசித் தடம் இல்லாத வெற்றுக் கோது

புதுக்குடியிருப்பில் உறவினர் வீட்டு அலுமாரியில் கடதாசிப் பூக்கள் செருகிய ஒரு பீரங்கி ரவைக் கோதைக் கண்டேன். மீள்குடியேறியபோது காணியில் கிடந்ததாம்.

"அடியில ஊசி குத்தின அடையாளமே இல்லைத் தம்பி. இது சுடாததோ?" என்று மாமி கேட்டார்.

அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். வாய் 3 சென்ரிமீற்றர், நீளம் 11.3. அடிப்பகுதிக்குச் சற்று மேலே மோதிரம் போல ஒரு புடைப்பு. 30×113 வகை. முதல் இலக்கம் குண்டின் விட்டம், அடுத்தது கோதின் நீளம், இரண்டும் மில்லிமீற்றரில். கிபிர் விமானத்தின் டெஃபா பீரங்கிக்கு உரிய வகை இது. அங்கே ஊசி குத்துவதில்லை. மின்சாரமே மருந்தைப் பற்றவைக்கிறது. அதனால் சுட்ட பிறகும் அடியில் குழி விழாது. உட்சுவரில் படிந்த கரிதான் மாமியின் கேள்விக்கு விடை சொன்னது.

வடிவத்துக்கும் இப்படிக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால 20 மி.மீ. ஒர்லிக்கன் கோதின் அடி விளிம்பு உடலைவிட ஒடுங்கியது. சுடும்போது பீரங்கியின் பூட்டும் கோதின் பின்னாலேயே குழலுக்குள் நுழைவதால் அந்த அமைப்பு.

குழி இல்லாதது சுடப்பட்டிருக்கலாம் என்றால், மறுபக்கமும் உண்மை: குழி இருந்தும் மருந்து பற்றாமல் போயிருக்கலாம். முனையில் குண்டு இருந்தால் அது உயிருள்ள வெடிபொருளே. வாய் திறந்த கோதிலும் அடியிலுள்ள பற்றவைப்பான் வெடிக்காமல் இருக்கலாம். காணியில் கண்டால் அளக்கவோ தூக்கவோ வேண்டாம். இடத்தை அடையாளப்படுத்திவிட்டு 119க்கு அழையுங்கள். பழைய இரும்புக்காரரிடம் கொடுக்க முன்னரும் இதை நினைவில் வையுங்கள்.