வாலில்லா வால்மீன்: தொலைக்கோள் வெளியின் உறைபொருள்களும் தமிழ்க் கலைச்சொற்களும்

வால்மீனைச் சுட்டும் தமிழ்ச்சொற்கள் அதன் தோற்றத்திலிருந்து பிறந்தவை. புறநானூற்று 117ஆம் பாடலில் கபிலர் அதனைத் 'தூமம்' என்கிறார். சிலப்பதிகார நாடுகாண் காதை 'புகைக்கொடி' என்கிறது. ஈரிடத்தும் அது சனிக்கோளுடன் சேர்த்துத் தீக்குறியாகப் பேசப்படுகிறது. பிற்கால வழக்குகளாகிய வால்வெள்ளி, வால்மீன் என்பனவும் வாலையே பெயர்க்காரணமாகக் கொண்டன.

ஆனால் வால் அப்பொருளின் நிலைத்த உறுப்பன்று. ஞாயிற்றை அணுகும்போது உறைபொருள் ஆவியாகித் தூசியையும் உடனிழுத்து வெளியேறுவதே வாலாகத் தோன்றுகிறது. நெப்டியூனுக்கு அப்பால், புவி-ஞாயிற்றுத் தொலைவைப் போல் ஏறத்தாழ 30 முதல் 50 மடங்கு தொலைவில் கைப்பர் வளையம் உள்ளது. 1930இல் கண்டறியப்பட்ட புளூட்டோவும் அதன் துணைக்கோளும் நீங்கலாக, அங்குள்ள முதற்பொருளை 1992இல் டேவிட் ஜூவிட்டும் ஜேன் லூவும் ஹவாயிலிருந்து கண்டனர். இன்று அறியப்பட்டவை ஆயிரக்கணக்கானவை. அவற்றுள் சில, பெருங்கோள்களின் ஈர்ப்பால் உள்நோக்கித் தள்ளப்பட்டு, குறுகிய சுற்றுக்காலம் உடைய வால்மீன்கள் ஆகின்றன. எனின், வால் தோன்றுமுன் அவற்றை என்னென்பது?

இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்குக் கைரான் சான்று. 1977இல் சார்லசு கோவால் கண்டறிந்த இது பெரும்பாலும் சனிக்கும் யுரேனசுக்கும் இடையே, ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஞாயிற்றைச் சுற்றுகிறது. முதலில் சிறுகோளாகவே கருதப்பட்டு 2060 என்னும் எண் பெற்றது. 1988இல் எதிர்பாராத வகையில் ஒளி மிகுந்தது. அடுத்த ஆண்டு அதனைச் சூழ்ந்த தூசுப்படலம் புலனாயிற்று. ஆகவே வால்மீன் பட்டியலிலும் 95பி என இடம்பெற்றது. ஒரு பொருள், இரு பதிவுகள். அத்துணைத் தொலைவில் நீர்ப்பனி ஆவியாவதில்லை; நீரினும் எளிதில் ஆவியாகும் உறைபொருள்களே இதற்குக் காரணமாதல் வேண்டும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'குறுங்கோள்' என்பதைச் சிலர் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள பாறைத்துண்டுகளுக்கு வழங்குவர்; 2006இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் வகுத்த புதிய வகையாகிய புளூட்டோ முதலியவற்றுக்கு வேறு சிலர் வழங்குவர். அதே 1988இல் சவ்வாது மலையின் காவலூரில் ராஜமோகன் கண்டறிந்த 4130 ராமானுஜன் முதல்வகையினது. அதனையும் புளூட்டோவையும் ஒரே சொல்லாற் குறித்தால், தன் ஈர்ப்பால் உருண்டை வடிவெய்திய பொருளுக்கும் அவ்வாறு எய்தாத பாறைக்கும் உள்ள வேறுபாடு மாணவர்க்கு மறைந்துபோம். முன்னதற்குக் குறுங்கோள், பின்னதற்குச் சிறுகோள் என வரையறுத்தலே தக்கது.

தொலைவெளிப் பொருள்களுக்குப் 'பனிக்கோள்' என்பதும் பொருந்தாது. பனி என்றவுடன் தமிழர்க்கு நினைவில் எழுவது நீரே. புளூட்டோவின் மேற்பரப்பிலோ நைட்ரசன் உறைந்து கிடக்கிறது. 'உறைசிறுபொருள்' என்னும் சொல் வாலையும் நீரையும் சாராதது. கைரானையும் அதனாற் குறிக்கலாம். வால்மீன் என்பதோ, அப்பொருள் ஞாயிற்றின் வெம்மைக்கு ஆட்பட்டிருக்கும் நிலையின் பெயராக நிற்கும்.