சென்ட்ரலுக்கு அடியிலே

சேலம், நாமக்கல் சீமைகளில் பிறந்தவர்களுக்குப் பூமியைத் தோண்டுவது புதிய வித்தை அல்ல. சேர்வராயன் மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் வெட்டியவர்களும், கடப்பாரைக்கு மசியாத பாறையை வெடிவைத்துப் பிளந்து கிணறு இறக்கியவர்களும், அந்தக் கிணறுகள் வற்றியபின் ரிக் வண்டியை வரவழைத்து ஆயிரம் அடிக்குப் போர் போட்டுப் பார்த்தவர்களுமாக, தலைமுறை தலைமுறையாக இந்தப் பிரதேசத்து ஜனங்கள் தரையைக் குடைந்துகொண்டே வாழ்ந்திருக்கிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் உண்டா என்பதே சந்தேகம். வெள்ளைக்கல்லை நீக்கிப் பார்த்தால், இத்தனை பிரயத்தனத்துக்கும் நோக்கம் ஒன்றுதான். எப்படியாவது தண்ணீர் வரவேண்டும்.

ஆகவே இந்தச் சீமைக்காரர் ஒருவர் ஏற்காடு எக்ஸ்பிரஸில் விடியுமுன் சென்னை சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவின் முதல் வண்டியைப் பிடிக்கப் பாதாளத்துக்குள் போகும்போது, பட்டணவாசிக்குத் தோன்றாத ஒரு கேள்வி அவருக்குத் தோன்றிவிடுகிறது. ராசிபுரத்துப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தோளில் துண்டும் கையில் மஞ்சள் பையுமாக, மின்படிக்கட்டின் முன்னால் தயங்கி நின்றார். "காலெ எடுத்து வையுங்க அப்பாரு, அது தானா எறக்கிவுட்டுரும்" என்று பேரன் கையைப் பற்றி அழைத்துப் போனான். கீழே போய்ச் சேர்ந்ததும் பெரியவர் கூரையையோ விளக்கையோ பார்க்கவில்லை. சுவர் ஓரத்தையே உற்றுப் பார்த்தார். "இத்தன ஆழம் வெட்டியிருக்கறாங்களே, தண்ணி ஊறலியாடா?" என்று கேட்டார். "செவுரு கட்டி அடச்சிருப்பாங்க அப்பாரு" என்றான் பேரன்.

கேள்வி பொறியியல் நிபுணர் கேட்க வேண்டிய கேள்வி, பதிலும் சரியானதே. ஏனெனில் சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது, கூவமும் தூரமில்லை, கடலும் கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க அண்மையில் இருக்கிறது. நமது பாறைப் பூமியைப் போலன்றி, மணலும் களிமண்ணும் மாறிமாறிப் படிந்த அந்த இடத்தில், சில அடி தோண்டினாலே நீர் எட்டிப்பார்க்கும். அத்தகைய இடத்தில் 80 அடிக்கும் மேற்பட்ட ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, ஏறத்தாழ 70,000 சதுர மீட்டர் விஸ்தீரணமுள்ள ஒரு நிலையத்தை, 1873இல் எழுந்த சென்ட்ரல் கட்டடத்துக்கும் 1913இல் திறந்த ரிப்பன் மாளிகைக்கும் விரிசல் விழாதபடி அமைக்க வேண்டுமானால், முதலில் சுவர், பிறகுதான் பள்ளம் என்று முறையைத் தலைகீழாக்கியே தீரவேண்டும்.

அந்தச் சுவர் எழும் விதம் விசேஷமானது. கிரேனில் தொங்கும் பெரிய இரும்பு வாய் ஒன்று, மீட்டர் அளவே அகலமுள்ள நீண்ட அகழியை ஆழமாக வெட்டிக்கொண்டே போகும். வெட்ட வெட்ட அகழியின் பக்கங்கள் சரிந்துவிடாதிருக்கப் பென்டோனைட் என்ற களிமண் குழம்பை அதில் நிரப்பியபடியே இருப்பார்கள். மணற்பாங்கான இடங்களில் ரோட்டரி ரிக் வைத்துப் போர் போடுவோருக்கு இந்தக் குழம்பு பழக்கமான சரக்குத்தான். ஆழம் போதும் என்றானதும், கட்டி வைத்திருக்கும் கம்பிக்கூட்டை அந்தக் குழம்புக்குள்ளேயே இறக்கி, நீண்ட குழாய் வழியாகக் கான்கிரீட்டை அடியிலிருந்து நிரப்புவார்கள். கனமான கான்கிரீட் மேலேறி வர, குழம்பு வெளியேறிவிடும். இப்படித் துண்டு துண்டாகச் சுற்றிலும் சுவர் முடிந்தபின்னரே உள்ளேயிருக்கும் மண்ணில் கைவைப்பது வழக்கம். அதிலும் மேற்கூரையை முதலில் வார்த்து, அதன்மேல் வண்டிகளை ஓடவிட்டு, கூரைக்குக் கீழே மண்ணை எடுத்துத் தளம் தளமாக இறங்குவது ஒரு முறை. 1972இல் அஸ்திவாரமிட்ட கல்கத்தா மெட்ரோ 1984 அக்டோபர் 24 அன்று ஓடத் தொடங்கும்வரை, திறந்த பள்ளங்களோடு அந்நகரத்தார் பட்ட அவஸ்தையை அறிந்தவர்கள் இம்முறையின் அருமையை உணர்வார்கள்.

சுவர் கட்டியதோடு நீரின் பகை தீர்ந்துவிடுவதில்லை. வெற்றுக் குடத்தைத் தண்ணீரில் அமுக்கினால் அது கையை மீறி மேலே வரத் துடிப்பதுபோல, நீர் ஊறிய மண்ணுக்குள் அமர்ந்திருக்கும் இந்தக் காலிப் பெட்டியையும் நிலத்தடி நீர் இடைவிடாது மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அடித்தளமும் சுவர்களும், பிரயாணிகளைத் தாங்குவதற்கு வேண்டிய அளவைக் காட்டிலும் கனமாக அமைகின்றன. கூரைக்கு மேலே கொட்டிய மண்ணும் பாரமாக நின்று உதவுகிறது. வீடு கட்டும் கொத்தனார் கட்டடம் பூமிக்குள் இறங்கிவிடக் கூடாதே என்று கவலைப்படுவார். இங்கே அது மிதந்துவிடக் கூடாதே என்பதும் கவலை.

நிலையங்களை இணைக்கும் சுரங்கங்களின் கதை வேறு. அங்கே ரிக் வண்டி படுத்துக்கொண்டு துளைக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம். சுழலும் முகப்பு மண்ணைச் சுரண்ட, திருகாணி போன்ற குழாய் அதைப் பின்னால் கொண்டுபோக, முன்னேயுள்ள மண்ணின் அழுத்தத்துக்கு ஈடான அழுத்தத்தை யந்திரம் தன் முகத்தில் காத்துக்கொள்ள வேண்டும். பின்னாலேயே கான்கிரீட் வளையங்களைப் பூட்டி, அந்த வளையத்தையே உதைத்துக்கொண்டு அது முன்னேறும். மணல், களிமண், கெட்டிப் பாறை எல்லாம் கலந்து கிடக்கும் சென்னையில் இந்த அழுத்தச் சமநிலை எல்லாச் சமயத்திலும் கூடிவந்துவிடவில்லை. 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில் திடீரென்று பள்ளம் விழுந்து, மாநகரப் பேருந்து ஒன்றும் கார் ஒன்றும் அதில் இறங்கிவிட்டன. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை.

1863இல் லண்டனில் உலகத்தின் முதல் சுரங்க ரயில் ஓடியபோது இழுத்தது நீராவி யந்திரம். புகையோடு போராடியபடியே ஜனங்கள் பிரயாணம் செய்தார்கள். 1890இல் அதே நகரில் மின்சார வண்டி வந்தபிறகே ஆழத்தில் செல்வது சகிக்கத்தக்கதாயிற்று. சென்னையிலோ 2015 ஜூன் 29 அன்று வண்டி முதலில் மேம்பாலத்தில்தான் ஓடியது. 2017 மே 14 அன்று திருமங்கலத்துக்கும் நேரு பூங்காவுக்கும் இடையே நிலத்தடியில் புகுந்தது. 2018 மே 25 அன்று பச்சை வழி சென்ட்ரலை எட்டியது. 2019 பிப்ரவரி 10 அன்று நீல வழியும் வந்து சேர, இரண்டும் வெவ்வேறு ஆழத்தில் சந்திக்கும் இடமாக நிலையம் பூர்த்தியாயிற்று. 2020இல் சூட்டிய முழுப் பெயரை ஒலிபெருக்கி நிறுத்தி நிதானமாகச் சொல்கிறது; ஜனங்களுக்கு அது சென்ட்ரல்தான்.

உள்ளலங்காரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1935இல் திறந்த மாஸ்கோ நிலையங்களின் சலவைக்கல்லையும் சரவிளக்கையும் படத்தில் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர், பளபளப்பான கல்லையும் எவர்சில்வரையும் கண்டு சற்று ஏமாறுவார். எந்த ஊர் விமான நிலையத்திலும் இதைப் பார்க்கலாம். கவனிக்கத்தக்கது நடைமேடையின் ஓரத்தில் தளத்திலிருந்து மேலே வரை நிற்கும் கண்ணாடித் தடுப்பு. வண்டி வந்து நின்றபிறகே அதன் கதவுகள் திறக்கும். தண்டவாளத்தில் யாரும் விழாதபடி காப்பதோடு, குளிரூட்டிய காற்று சுரங்கத்துக்குள் வீணாகாமலும், வண்டி தனக்கு முன்னே தள்ளிவரும் வெப்பக் காற்று நம் முகத்தில் அறையாமலும் அது தடுக்கிறது. சுரங்கத்தின் காற்றை மாற்றவும், தீ நேர்ந்தால் புகையை இழுத்து வெளியேற்றவும் ராட்சத விசிறிகள் தனியே உண்டு. சாலையோரம் ஜன்னலில்லாமல் நிற்கும் கான்கிரீட் கூண்டுகள் அவற்றின் மூச்சுக் குழல்கள்.

பெரியவரின் கேள்விக்கு இன்னும் ஒரு பாக்கி இருக்கிறது. எத்தனை கெட்டியான சுவரானாலும் இணைப்புகளின் வழியே சிறிது நீர் கசியவே செய்யும். அதைக் கால்வாய்களில் ஒதுக்கி அடித்தளத் தொட்டிகளில் சேர்த்து, மோட்டார் வைத்து மேலே இறைத்து வெளியேற்றுகிறார்கள். 118.9 கிலோமீட்டர் நீளத்துக்கு நடந்துவரும் இரண்டாம் கட்டப் பணியிலும் புதிய நிலத்தடி நிலையங்களுக்கு இதே சுவர், இதே தொட்டி, இதே மோட்டார். அந்தப் பணியில் அயனாவரத்திலிருந்து ஓட்டேரி நோக்கிச் சுரங்கம் தோண்டிய யந்திரங்களுக்கு மலைகளின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஒன்று கல்வராயன், மற்றொன்று நாமக்கல் சீமைக்கே உரிய கொல்லி.