கசியும் நினைவகம்

கணினியின் ரேம் சில்லு எதையும் தானாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அதிலுள்ள ஒவ்வொரு தகவல் துணுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்தேக்கியில் நிற்கும் துளி மின்னூட்டம்தான். ஓட்டைக் குடத்துத் தண்ணீர்போல அது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் பொதுவாக 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் படித்து, மறுபடி நிரப்பியாக வேண்டும். நீங்கள் விசைப்பலகையைத் தொடாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் இந்த வேலை நிற்காது.

சூடு ஏறினால் கசிவும் கூடும். டிடிஆர்4 வகை ரேம் சில்லுகளில் வெப்பம் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்த 64 மில்லி விநாடி 32 ஆகச் சுருங்கும். வேலை இரட்டிப்பு, அதற்கான மின்சாரமும் சூடாகவே வெளிவரும்.

ப்ராசஸரோ சூடு எல்லை மீறினால் மின்னழுத்தத்தையும் வேகத்தையும் தானே குறைத்துக்கொள்கிறது. லேப்டாப்பை மெத்தைமேல் வைத்துப் பாருங்கள். அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபட்டு, விசிறி இரையும். ஓடும் படம் திக்கித் திக்கி நகரும். பழுது என்று பயந்துவிடாதீர்கள். தயவுசெய்து ஒரு மரப்பலகைமேல் எடுத்து வையுங்கள். சற்று நேரத்தில் விசிறியின் இரைச்சல் தணிவது உங்கள் காதுக்கே கேட்கும்.